இறங்கத் தெரிந்த பாய்

பின்காற்றில் ஓடும் பாய்ப்படகில் நிற்பவருக்குக் காற்று ஓய்ந்துவிட்டது போலத் தோன்றும். சற்றுமுன் எதிர்க்காற்றில் போனபோது சட்டை படபடத்தது. அணியத்தில், அதாவது படகின் மூக்கில், மோதிய அலை சாரலாக முகத்தில் அடித்தது. பக்கத்திலிருப்பவரிடமும் கத்திப் பேச வேண்டியிருந்தது. படகைத் திருப்பிக் காற்றுக்கு முதுகைக் காட்டியதும் எல்லாம் அடங்கிவிடும். வெயில் உறைக்கும், தேநீர்க் குவளையைத் தளத்திலேயே வைக்கலாம். உண்மையில் காற்று இம்மியும் குறையவில்லை. 15 நாட் வேகத்தில் காற்று வீச, படகும் அதே திசையில் 6 நாட் வேகத்தில் ஓடினால், படகில் இருப்பவரின் தோலிலும் பாயின் துணியிலும் படுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 9 நாட் மட்டுமே. (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், 1.852 கிலோமீட்டர்.) கடலில் வீசுவதை மெய்க்காற்று என்றும், ஓடும் படகில் படுவதை உணர்காற்று என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். நம் கடலோர மீனவர்களிடம் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு அழகான பெயர்கள் உண்டு. அவை எல்லாம் காற்று வரும் திசையைச் சொல்கிற, மெய்க்காற்றின் பெயர்கள். பின்காற்றுக்கென்று பெரிய பாய் வாங்க நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது உணர்காற்றைத்தான். அவர் தளத்தில் நின்று உணர்வது கடலில் உள்ள காற்றை அல்ல.

இந்த வித்தியாசம் பாயின் மேல் விழும் விசையில் பன்மடங்காகப் பெருகுகிறது, ஏனென்றால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 9-இன் வர்க்கம் 81, 15-இன் வர்க்கம் 225. சுமார் 10 மீட்டர் நீளமுள்ள படகில் 80 சதுர மீட்டர் பாய் கட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 9 நாட் உணர்காற்றில் அதன் இழுவை ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமம். அதே பாய், அதே நாள், அதே கடல். படகு ஒரு பெரிய அலையின் முதுகில் மூக்கைக் குத்தி ஒரு கணம் நின்றுவிட்டால் உணர்காற்று 15 நாட் ஆகிவிடும். இழுவை 350 கிலோவுக்குத் தாவும். காற்று கூடவில்லை, படகு ஓடி ஒளித்து வைத்திருந்த பங்கு வெளியே வந்தது, அவ்வளவுதான். காற்றும் கூடினால் இன்னும் ஏமாற்றம். மெய்க்காற்று 12 நாட்டிலிருந்து 20 நாட்டுக்கு மெல்ல ஏறுகிறது என்றும், படகின் வேகம் 6-லிருந்து 7.5 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உணர்காற்று 6-லிருந்து 12.5 ஆகும். காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபர்ட் அளவையில் 20 நாட் என்பது ஐந்தாம் எண் காற்று. தளத்தில் நிற்பவர் தோலில் படுவதோ நான்காம் எண் காற்று. இதமாகத்தான் இருக்கும். ஆனால் பாயின் இழுவை அதற்குள் நான்கு மடங்கைத் தாண்டியிருக்கும்.

ஆகவே என் வாதம் இது. பின்காற்றுப் பாயை அது எவ்வளவு இழுக்கும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதை எப்படி இறக்குவது என்பதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கிய பாயைச் சோதிப்பதும் அவ்வாறே. ஏற்றிப் பார்ப்பது சோதனையே அல்ல, இறக்கிப் பார்ப்பதுதான் சோதனை. பாய் விற்கும் கடைகளின் விளம்பரப் படங்களில் உப்பி நிற்கும் வண்ணப் பாய்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். நெடும்பயணம் போகும் சிறு படகுகளில் பெரும்பாலும் இரண்டே பேர்தான், அதிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதை நினைவில் வைத்தால் அப்படித் தோன்றாது.

வேகம் முக்கியமில்லையா என்ற கேள்வி முதலில் எழும். முக்கியம்தான். ஆனால் எவ்வளவு வேகம், எந்தக் காற்றில் என்று கணக்குப் பார்க்க வேண்டும். நீரைத் தள்ளிக்கொண்டு ஓடும் கனமான படகு தன் அணியத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் போக வேண்டுமானால் படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற வேண்டும். வில்லியம் ஃபுரூட் 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்க்க ஒரு நீர்த்தொட்டி கட்டி, இந்தத் தடையை அளந்து ஆராய்ந்தார். படகுக்காரர்கள் கையாளும் எளிய விதி ஒன்று இருக்கிறது: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவது அந்தப் படகின் எல்லை வேகம், நாட் கணக்கில். 30 அடி நீர்க்கோடு என்றால் 7.3 நாட். இது கடக்கவே முடியாத சுவர் அல்ல. ஆனால் அதை நெருங்கும்போது இழுவையை இரட்டிப்பாக்கினாலும் கிடைப்பது நாட்டில் ஒரு பின்னம்தான். 20 நாட் காற்றில் பெரிய பாயை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் அந்தப் பின்னத்துக்காகத்தான் நான்கு மடங்கு விசையைத் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார்.

உண்மையான பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல்மைல். வியாபாரக் காற்று பின்னாலிருந்து தள்ள, ஆண்டுதோறும் நவம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கூட்டமாக இந்த வழியில் புறப்படுகின்றன. இப்படிக் கூட்டமாகப் புறப்படும் வழக்கம் 1986-இல் தொடங்கியது. சராசரி 6 நாட்டில் போனால் பதினெட்டே முக்கால் நாள், 6.5 நாட்டில் போனால் பதினேழு நாளும் சில மணி நேரமும். அரை நாட் சராசரியை உயர்த்தியதால் மிச்சமாவது ஒன்றரை நாள். அது நல்ல ஆதாயம்தான். ஆனால் அந்த அரை நாட்டை 20 நாட் காற்றில் தேடினால் கிடைக்காது, அங்கே படகு ஏற்கனவே தன் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும். காற்று 8 நாட்டுக்கு விழுந்து, சாதாரணப் பாய்கள் சுருங்கித் தொங்கி, படகு மூன்றரை நாட்டில் தவழும் நாட்களில்தான் அது கிடைக்கும். அப்போது பெரிய பாய் ஐந்து நாட் வேகம் கொடுத்தால் ஒரு நாளில் 84 கடல்மைல் போகவேண்டிய படகு 120 போகும். இதே 2,700 மைல் தூரத்தை 1897-இல் ஜோஷுவா ஸ்லோக்கம் தனியாளாகத் தன் ஸ்பிரே படகில், ஆஸ்திரேலியாவின் தேர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் கோகோஸ் தீவுகள் வரை, 23 நாளில் கடந்தார். சராசரி ஐந்து நாட்டுக்குச் சற்றுக் குறைவு. சுக்கானைக் கட்டிவைத்துவிட்டு, அதைக் கையால் பிடித்தது மொத்தமே சில மணி நேரம் என்று அவர் எழுதியிருக்கிறார். இரவும் பகலும் தடையின்றி ஓடிய நிதானம்தான் அந்தத் தூரத்தைத் தின்றது.

மெல்லிய காற்றுக்குத்தான் பாய் என்று முடிவானால், துணியைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். மெய்க்காற்று 6 நாட், படகு 3 நாட் என்றால் பாயில் படுவது 3 நாட். அந்தக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியைத் தள்ளும் விசை சுமார் 175 கிராம் எடைக்குச் சமம். பெரும்பாய்க்குப் பயன்படும் பாலியெஸ்டர் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம். காற்று அதைத் தூக்க முடியாமல் தோற்கும், பாய் ஈரத்துணி போலத் தொங்கும். ஸ்பின்னேக்கர் எனப்படும் பெரிய பின்காற்றுப் பாய்க்குரிய மெல்லிய நைலான் 40 கிராம் அளவில்தான் இருக்கும். தூக்கியது போக மீதமுள்ள விசை படகை இழுக்கும். கனமான துணியில் தைத்தால் பலமாக இருக்குமே, கூடுதல் காற்றிலும் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த வேலைக்காக வாங்கினோமோ அதை அது செய்யாது. மேலும் துணி கிழிவது எப்போதும் முதல் எல்லை அல்ல. துணி தாங்கும் காற்றிலேயே அதை இறக்கும் கைகள் தாங்காமல் போகின்றன. பலமான துணி அந்த எச்சரிக்கையைத் தள்ளிப்போடுகிறது. நைலானின் இன்னொரு குணமும் இங்கே உதவுகிறது: அது பாலியெஸ்டரைவிட நன்றாக நீண்டு கொடுக்கும், திடீர் இழுப்பை வாங்கிக்கொள்ளும். வெயில்தான் அதற்குப் பகை. புற ஊதாக் கதிர்கள் இழைகளை நொய்ய வைப்பதால் வேலையில்லாத நேரத்தில் பையில் கிடப்பதே நல்லது.

இன்னோர் ஆட்சேபம் இதைவிட வலுவானது. இருக்கும் பாய்களே போதாதா? பெரும்பாயை ஒரு பக்கமும், முன்பாயை ஒரு கழியால் தள்ளி மறுபக்கமும் விரித்து, பறவை சிறகு விரித்தது போல நேர்ப் பின்காற்றில் போவது காலங்காலமாக இருக்கும் வழி. புதுப் பாய்க்குக் காசு எதற்கு? 15 நாட்டுக்கு மேல் வீசும் காற்றில் இந்த ஆட்சேபத்தை நான் அப்படியே ஏற்கிறேன்; அங்கே சிறகு விரித்த பாய்கள் போதும். அதற்குக் கீழேதான் இந்த வழி நொண்டுகிறது. வேகக்குறைவு மட்டும் காரணமல்ல, உருளலும் சேர்ந்துகொள்கிறது. காற்றுக்கு நேர் குறுக்கே நிற்கும் பாய், ஆற்றுக்குக் குறுக்கே நிறுத்திய பலகை போன்றது. காற்று அதன் இரு விளிம்புகளிலும் பிய்ந்து, பின்புறம் சுழல்களாக மாறிமாறி உதிர்கிறது. சுழல் இந்தப் பக்கம் உதிரும்போது பாய் இந்தப் பக்கம் இழுபடும், அடுத்த கணம் மறுபக்கம். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த மார்ச்சாய், அலையே இல்லாத இடத்திலும் பின்காற்றில் ஒரு பாய் தானே உருளலைத் தூண்டி வளர்த்துக்கொள்ளும் என்று காட்டினார். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போல, காற்று ஒவ்வோர் உருளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி ஊட்டுகிறது. இரவு முழுவதும் படுக்கையிலிருந்து உருண்டு விழாமல் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பின் பொருள் உடனே விளங்கும்.

நேர்ப் பின்காற்றை விட்டு 30 பாகை விலகிப் போனால் நிலைமை மாறுகிறது. 15 நாட் மெய்க்காற்றில் படகு 6.5 நாட்டில் அப்படிச் சாய்வாக ஓடினால், உணர்காற்று 10 நாட்டை ஒட்டி வருவதோடு, பின்பக்கத்திலிருந்து நகர்ந்து ஏறத்தாழப் படகின் பக்கவாட்டை நோக்கி வந்துவிடும். அணியத்திலிருந்து அளந்தால் சுமார் 131 பாகை. இப்போது காற்று பாயின் முன்விளிம்பில் நுழைந்து, வளைவைத் தழுவிப் பின்விளிம்பில் வெளியேற முடிகிறது. பலகை இறக்கையாகிறது. இழுவை கூடுகிறது, ஒரு பக்கமாக நிலையாக இருக்கிறது, அந்த நிலையான சாய்விசை உருளலை அடக்குகிறது. இதற்குக் கொடுக்கும் விலை தூரம். 30 பாகை விலகி வலதும் இடதுமாக மாறிமாறிப் போனால் மொத்தத் தூரம் 15 சதவீதம் கூடும். 20 பாகையானால் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆக, 20 பாகை விலகலில் வேகம் ஏழு சதவீதம் கூடினாலே கணக்கு சரியாகிவிடும், 30 பாகைக்குப் பதினாறு சதவீதம் வேண்டும். மெல்லிய காற்றில் அந்தக் கூடுதல் எளிதில் கிடைக்கும். காற்று வலுத்ததும் எல்லை வேகம் குறுக்கே நிற்பதால் கிடைக்காது. அப்போது நேராகப் போவதே லாபம். பாயைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தக் காற்று எல்லை திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

பாய் வகைகளை இந்தக் கண்ணோடு பார்த்தால் வரிசை தானாக அமைகிறது. இருபுறமும் ஒத்த வடிவமுள்ள பழைய ஸ்பின்னேக்கர் நேர்ப் பின்காற்றில் மிக நன்றாக விரிந்து நிற்கும். ஆனால் அதற்குக் கழி வேண்டும், கழியைப் பிடிக்கக் கயிறுகள் வேண்டும், பக்கம் மாற்றும்போது அணியத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒத்திராத வடிவமுள்ள ஸ்பின்னேக்கரின் கீழ்மூலை அணியத்திலேயே கட்டப்படுவதால் கழி தேவையில்லை, பின்னால் உட்கார்ந்து ஒரு தாமானை (பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) வைத்தே ஆளலாம். அதன் குறை, மிக ஆழ்ந்த பின்காற்றில் பெரும்பாயின் நிழலில் விழுந்து சுருங்கிவிடுவது. (இதே குறைதான் பிறகு நமக்கு உதவப்போகிறது.) கோட் ஜீரோ எனப்படும் பாய் பெயரளவில் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1997-98 விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தில் இ.எஃப். லாங்குவேஜ் படகு அதைக் கொண்டு பெயர் பெற்றது. ஆனால் அது பக்கக் காற்றுக்கும் மெல்லிய எதிர்க்காற்றுக்கும் உரியது, பின்காற்றுக்கு அல்ல. நடுவில் ஒரு பிளவும் அதில் பாராகிளைடர் போன்ற சிறு இறக்கையும் தைத்த பாராசெய்லர் வகை இருக்கிறது; திடீர்க் காற்று பிளவு வழியே வெளியேற, இறக்கை அணியத்தைச் சற்றுத் தூக்குகிறது. ஒரே முன்கம்பியில் இரட்டையாக ஏற்றி, இரு பக்கமும் விரித்து, வேண்டாதபோது இரண்டையும் சேர்த்துச் சுருட்டிவிடும் இரட்டை முன்பாயும் உண்டு. தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாடைக்காற்று பின்னால் தள்ள வங்கக்கடலைக் கடந்து இலங்கைக்கு வரும் படகுகள் போல, காற்று நாள்கணக்கில் ஒரே பக்கம் நிலைத்திருக்கும் வழிகளுக்கு அது பொருத்தமானது. இருவர் மட்டும் ஓட்டும் பயணப் படகுக்கு என் தேர்வு, உறையோடு கூடிய ஒத்திராத நைலான் பாய். பரப்பில் தாராளமாக, துணியில் மெல்லியதாக, காற்று எல்லையில் மிகத் தாழ்வாக.

வடிவத்தின் நுணுக்கம் பற்றிக் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். கடலின் மேற்பரப்பில் உராய்வதால் காற்று கீழே மெதுவாகவும் பாய்மர உச்சியில் வேகமாகவும் வீசுகிறது. படகின் வேகம் மாறாததால், உச்சியில் உணர்காற்று வேறு கோணத்தில், கீழே வேறு கோணத்தில் வரும். பின்காற்றில் இந்த முறுக்கு அதிகம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃப்ளே 1990-களில் பின்காற்றுப் பாய்களைச் சோதிக்க, காற்றையே முறுக்கி அனுப்பும் சுரங்கத்தை உருவாக்கியது இதனால்தான். பந்தயப் படகுக்கு இந்த நுணுக்கம் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். பயணப் படகுக்காரர் தன் பாய்மர உயரத்தையும், பாய்மரத்துக்கும் முன்கம்பிக்கும் இடையிலுள்ள தூரத்தையும் பாய் தைப்பவரிடம் சரியாக அளந்து கொடுத்தாலே போதும்.

இனி இறக்குவது. ஒத்திராத பாயின் மேலே சுருங்கிக் கிடக்கும் நீண்ட துணிக்குழாய்தான் உறை. அதன் வாயில் ஒரு வளையம், வளையத்தில் கயிறு. கயிற்றை இழுத்தால் வளையம் கீழே இறங்கி, பாயை மெழுகுவத்தி போல ஒடுக்கி உறைக்குள் அடைத்துவிடும் என்பது கடைக்காரர் விளக்கம். இதில் ஒரு பிழை இருக்கிறது. உப்பி நிற்கும் பாயின் 350 கிலோ இழுவையை எதிர்த்து, ஆடும் தளத்தில் நிற்கும் ஒருவர் அந்த வளையத்தை ஓர் அடிகூட இறக்க முடியாது. பாயை அடக்குவது உறை அல்ல. முதலில் பாய் வெறுமையாக வேண்டும், பிறகுதான் உறை இறங்கும். அதை வெறுமையாக்குவது பெரும்பாயின் நிழல். படகை நேர்ப் பின்காற்றுக்குத் திருப்பினால் பெரும்பாய் காற்றை மறைக்கும். அதோடு தாமானைத் தாராளமாகத் தளர்த்தினால் முன்னால் உள்ள பாய் உயிரிழந்து துவளும். அந்தச் சில நொடிகளில் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும். எதிர்க்காற்றில் பழகியவர்களின் கை இங்கே தவறு செய்யும். அவர்களுக்குக் காற்று மிஞ்சினால் படகைக் காற்றை நோக்கித் திருப்பிப் பாயைப் படபடக்க விடுவதே பழக்கம். பின்காற்றுப் பாயோடு அப்படித் திரும்பினால், 20 நாட் காற்றில் 12.5 ஆக இருந்த உணர்காற்று படகு பக்கவாட்டுக்கு வருவதற்குள் 21 நாட்டைத் தாண்டும். விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. படகு சாய்ந்து, சுக்கான் நீரைவிட்டு எழுந்து, பிடி போய்விடும். அதனால்தான் பெரும்பாயை முழுதும் சுருக்கிவிட்டு ஸ்பின்னேக்கரை மட்டும் பறக்கவிடும் வழக்கத்தை நான் தயக்கத்தோடு பார்க்கிறேன். இழுவை அணியத்திலேயே இருப்பதால் சுக்கான் இலகுவாகும், தானியங்கிச் சுக்கான் கருவி நன்றாக ஓட்டும், உண்மைதான். ஆனால் இறக்க வேண்டிய நேரத்தில் நிழல் தர ஒன்றும் இருக்காது.

உறைக்குப் பதில் சுருட்டுக் கருவி பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றைச் சுற்றினால் பாய் மேலிருந்து கீழாக ஒரு கம்பிக்கயிற்றில் சுருண்டுகொள்ளும். அணியத்துக்குப் போக வேண்டாம். நல்ல வசதி, இரவில் பெரிய வசதி. ஆனால் காற்று உள்ளே இருக்கும் பாய் இறுகச் சுருளாது. நடுவில் ஒரு பை போலக் காற்று சிக்கிக்கொண்டால், மேலும் கீழும் சுருண்ட பாய் நடுவில் உப்பி நின்று அடிக்கும், அதை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆக, கருவி எதுவானாலும் பாயை முதலில் வெறுமையாக்கும் வழி ஒன்று தேவை, அந்த வழி எந்த அளவு காற்று வரை வேலை செய்யும் என்பதும் தெரிய வேண்டும்.

அதைத் தெரிந்துகொள்வதுதான் சோதனை ஓட்டத்தின் நோக்கம். இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அமைதியான நாளில், 8 நாட் காற்றில், தட்டையான கடலில் இறக்கிப் பார்த்தது 18 நாட்டுக்கு எப்படிச் சான்றாகும்? ஒரே ஒருமுறை பார்த்தால் ஆகாது. படிப்படியாக அளந்தால் ஆகும். உணர்காற்று 5 நாட் இருக்கும்போது ஒருமுறை, 7 இருக்கும்போது ஒருமுறை, 9 இருக்கும்போது ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் நேர்ப் பின்காற்றுக்குத் திரும்பிய நொடியிலிருந்து உறை தளத்தைத் தொடும் வரை எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அணியத்தில் ஒரே ஆள்தான் இருக்க வேண்டும்; மற்றவர் சுக்கானில் இருக்கலாம், பிறகு அவரும் கீழே போய்த் தூங்குவதாக வைத்துக்கொண்டு தானியங்கியோடு ஒருமுறை. ஐந்து நாட்டில் இருபது நொடி, ஏழில் இருபத்தைந்து, ஒன்பதில் ஒரு நிமிடத்துக்கு மேல் என்று வந்தால், அந்தப் படகுக்கும் அந்த ஆட்களுக்கும் எல்லை ஒன்பதுக்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். விசை வர்க்கமாக ஏறுவதால், நொடிகள் தாறுமாறாக ஏறத் தொடங்கும் இடம் கண்ணில் படாமல் போகாது. அதற்கு மேலே போய்ச் சோதிக்க வேண்டியதில்லை. எல்லையை அங்கே வைத்து, அதை உணர்காற்றில் அல்லாமல் மெய்க்காற்றில் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். இரவுக் காவலில் இருப்பவர் தன் தோலை நம்பாமல் கருவியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

ஏற்றுவதும் வேகம் பார்ப்பதும் அந்தச் சோதனைக்குள்ளேயே அடங்கிவிடும். மெய்க்காற்று, கோணம், படகு வேகம் மூன்றையும் பத்துப் பாகைக்கு ஒருமுறை குறித்தால், எந்தக் கோணத்தில் தூரக் கணக்கு லாபம் தருகிறது என்பது தெரியும். ஆனால் கெட்டுப்போகும் விஷயங்களையும் வேண்டுமென்றே ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. உறையின் கயிறு சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொண்டு உறையின்றி இறக்குவது அவற்றில் முதன்மையானது: நிழலில் பாயைத் துவள வைத்து, தாமானைப் பெரும்பாய்க்கும் அதன் அடியிலுள்ள கிடைக்கழியான பூமுக்கும் இடையே இழுத்து, ஏற்றுக்கயிற்றை விடவிட ஈரச் சேலையைச் சுருட்டுவது போலப் பாயைக் கைகளில் வாரி அறைக்குள் தள்ள வேண்டும். அப்போது ஏற்றுக்கயிறு தளத்தில் சிக்கலின்றிக் கிடக்க வேண்டும், ஒரு முடிச்சு இருந்தால் பாய் பாதி வழியில் நின்று நீரில் விழுந்துவிடும். 80 சதுர மீட்டர் நைலான் கடலை அள்ளிக்கொண்டால் அது நங்கூரம் போல இழுக்கும். உருளும் கடலில் பாய் சுருங்கி முன்கம்பியைச் சுற்றிக்கொள்வது இன்னொன்று. இதற்கு, பாய் சுற்றிக்கொண்ட பக்கத்துக்கு எதிராகப் பெரும்பாயை மறுபக்கம் மாற்றினால், அதன் பின்னால் எழும் காற்றுச் சுழல் எதிர்த்திசையில் திரும்பி, பல நேரங்களில் பாயைப் பிரித்துவிடும். தட்டையான கடலில் செய்து பார்த்தவர் இரவில் அதைத் தேடிக் குழம்பமாட்டார்.

நெடும்பயணத்தில் பாயைவிடக் கயிறு முதலில் போவதும் அடிக்கடி நடப்பது. பாய்மர உச்சியிலுள்ள சக்கரத்தில் ஏற்றுக்கயிற்றின் ஒரே இடம் நாள்முழுவதும் தேய்கிறது, உருளலுக்கு ஒருமுறை என்று வைத்தாலும் ஒரு நாளில் பல ஆயிரம் முறை. சோதனை ஓட்டத்தின் மாலையில் பாயை இறக்கியதும், சக்கரத்தில் பதிந்திருந்த இடத்தை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். சூடும் இழைச் சிலும்பலும் தெரிந்தால் மேலே கூர்மையான விளிம்பு இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை அந்தப் பாயோடு இரவு கடக்கக் கூடாது. தெரியாவிட்டாலும், நெடும்பயணத்தில் நாளொன்றுக்கு ஒருமுறை கயிற்றை ஒரு கைப்பிடி அளவு விட்டுத் தேயும் இடத்தை மாற்ற வேண்டும். பாயை இறக்கி மறுபடி ஏற்றும் ஒவ்வொரு காலையிலும் அது தானாகவே நடந்துவிடும்.